மலை ஓட்டத்துக்கு எந்த வழி: கோயில் படியா, கொண்டை ஊசிச் சாலையா, காட்டுத் தடமா?

கோவை ரேஸ்கோர்ஸிலும் ஈரோடு வ.உ.சி. பூங்காவிலும் ஓடிப் பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் சமதரை அலுத்துப்போகும். கொங்கு நாட்டில் எந்த ஊரில் நின்று பார்த்தாலும் தூரத்தில் ஒரு மலை தெரியும். அதன் உச்சி வரை ஓடிப் பார்த்தால் என்ன என்று தோன்றுவது இயல்புதான். சிக்கல் அடுத்த கேள்வியில் வருகிறது: எந்த மலை? மருதமலைப் படியில் தொடங்கச் சொல்வார் ஒருவர். படியெல்லாம் ஓட்டமே இல்லை, கொல்லிமலை எழுபது வளைவையும் ஏறினால்தான் கணக்கு என்பார் இன்னொருவர். மூன்றாமவர் வெள்ளியங்கிரி என்பார். கேட்டவர் குழம்பிப்போய் மறுபடியும் ரேஸ்கோர்ஸுக்கே போய்விடுவார்.

மலையின் பெயரை வைத்து முடிவெடுப்பதால்தான் இந்தக் குழப்பம். பாதையின் வகையை வைத்துப் பார்த்தால் எளிதாகிவிடும். நமக்கு இருப்பவை நான்கு வகை: கோயில் படி, மலைச் சாலை, காட்டுத் தடம், அப்புறம் பலரும் மறந்துவிடும் கோட்டை மலை.

## எதை வைத்து எடை போடுவது

எல்லோரும் முதலில் கேட்பது எவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்று. எப்படி இறங்கப் போகிறீர்கள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலை மேலே தூக்குகிறது. மூச்சு வாங்கும், இதயம் படபடக்கும், ஆனால் நின்று இரண்டு நிமிடம் இளைப்பாறினால் சரியாகிவிடும். இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கிப் பிரேக் போடுகிறது. நீளும் நிலையில் பாரம் தாங்கும் இந்த வேலைதான் தசை நார்களில் நுண்ணிய சேதத்தை உண்டாக்குகிறது. அதன் வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாள் ஆரம்பித்து, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து உற்சாகமாக ஓடி இறங்கியவர் செவ்வாய்க்கிழமை ஆபீஸ் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவது இதனால்தான். முட்டிக்கும் கணுக்காலுக்கும் அடிபடுவது பெரும்பாலும் இறக்கத்தில்தான்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஓரளவு இறக்கத்துக்கு ஒருமுறை பழகிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே அளவு இறக்கத்தில் அவ்வளவு அடிபடாது. ஆக, இறக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு இறங்குவதற்கு பஸ்ஸோ வேறு வண்டியோ இருக்கும் மலைதான் நல்ல மலை என்று நான் சொல்வது அதனால்தான்.

அடுத்தது அனுமதி. கோயில், நெடுஞ்சாலை, காடு, தொல்லியல் சின்னம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். நேரமும் விதியும் வேறு வேறு. மூன்றாவது, வழியில் உங்களோடு யார் இருப்பார்கள் என்பது: பக்தர்களா, வண்டிகளா, யானைகளா? ஏற்றத்தின் அளவும் உச்சியின் காட்சியும் இவற்றுக்குப் பிறகுதான்.

சரிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏற்றம் சுமார் 15 பாகையைத் தாண்டிவிட்டால், ஒரே வேகத்தில் ஓடுவதைவிட நடப்பதற்குத்தான் சக்தி குறைவாகப் பிடிக்கும். மலை ஓட்டப் போட்டிகளில் முன்னணி வீரர்களே செங்குத்தான இடத்தில் தொடையில் கையை ஊன்றி நடப்பார்கள். அதனால் 'முழுக்க ஓடியே ஏறணும்' என்ற பிடிவாதத்தை அடிவாரத்திலேயே விட்டுவிடுங்கள்.

## கோயில் படி: மருதமலை, சென்னிமலை, பழனி

மருதமலைக்கு 837 படிகள், பழனிக்கு 693, சென்னிமலைக்கு 1,320. படி ஒன்றுக்கு அரை அடி உயரம் என்று தோராயமாக வைத்துக்கொண்டால் சென்னிமலையில் ஒருமுறை ஏறினால் சுமார் 200 மீட்டர், மருதமலையில் 130 மீட்டர் போல. பெரிய மலைக்குத் தயாராக வேண்டும் என்றால் ஒரே காலையில் பலமுறை ஏற வேண்டிவரும். இது குறையாகத் தெரியலாம்; பயிற்சிக்கு இதுதான் வசதி. எவ்வளவு ஏறினோம் என்று துல்லியமாகத் தெரியும், முடியாவிட்டால் அந்தச் சுற்றோடு நிறுத்திக்கொள்ளலாம், அடிவாரத்திலேயே டீக்கடை இருக்கிறது.

இறக்கமும் இங்கே உங்கள் கையில். மருதமலைக்கும் சென்னிமலைக்கும் மேலே வரை வண்டிச் சாலை உண்டு. பழனியில் 'விஞ்ச்' எனப்படும் இழுவை ரயிலும் ரோப்காரும் இருக்கின்றன (பராமரிப்புக்காக அவ்வப்போது நிறுத்துவார்கள், விசாரித்துக்கொள்ளுங்கள்). படியில் ஏறி வண்டியில் இறங்கினால் முட்டிக்குச் சேதமே இல்லாமல் ஒரு நல்ல பயிற்சி முடிந்துவிடும்.

வெளியே தெரியாத விலைகள் இருக்கின்றன. முதலாவது செருப்பு விவகாரம். இந்தப் படிகளைப் பலர் கோயிலின் ஒரு பகுதியாகவே நினைக்கிறார்கள். படிபடியாகத் தொட்டுக் கும்பிட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றிக்கொண்டு ஒரு அம்மா ஏறிக்கொண்டிருக்கும்போது ஷூ காலோடு இரண்டிரண்டு படியாகத் தாவிப் போவது நன்றாக இருக்காது. வெறுங்காலில் ஏறுவதென்றால் வெயிலுக்கு முன் முடித்துவிட வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் கருங்கல் சுட ஆரம்பித்துவிடும். எண்ணெயும் பன்னீரும் சிந்திய படி வழுக்கும். இரண்டாவது நாள் கணக்கு. கிருத்திகை, சஷ்டி, தைப்பூசம், பங்குனி உத்திரம் ஆகிய நாட்களில் ஓட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

சென்னிமலையில் அபிஷேகத்துக்கான தீர்த்தத்தைப் பொதிகாளைகள் சுமந்துகொண்டு படி வழியாகவே ஏறும். 1,320 படிகளையும் அவை ஏறும் நிதானத்தைப் பார்த்தால் வேகத்தைப் பற்றிய நம் எண்ணம் கொஞ்சம் மாறும்.

மருதமலையில் இன்னொன்றும் இருக்கிறது. அது மேற்குத் தொடர்ச்சி மலையின் விளிம்பு, யானை நடமாடும் பகுதி. விடியலுக்கு முன்பும் அந்தி சாய்ந்த பின்பும் ஏறுவதற்குக் கட்டுப்பாடு வரலாம். 'கோயில்தானே' என்று இருட்டில் படியேறப் போகாதீர்கள். இந்தத் தொல்லை சென்னிமலையில் இல்லை. பயிற்சிக்கு ஒரே ஒரு படிமலையைச் சொல் என்றால் சென்னிமலையைச் சொல்வேன்.

## கொண்டை ஊசிச் சாலை: கொல்லிமலை, ஏற்காடு

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலை மேலே வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். சாலை 20 கிலோமீட்டருக்கும் மேல். ஏற்றம் சுமார் 1,000 மீட்டர். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருப்பதால் ஊக்கமும் கிடைக்கும், நாற்பதைத் தாண்டிய பிறகு சலிப்பும் வரும். சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 வளைவுகள்தான், ஆனால் ஏற்றம் இங்கேயும் ஏறக்குறைய அதே அளவுதான்.

மலைச் சாலையின் பெரிய அனுகூலம் சரிவு. லாரியும் பஸ்ஸும் ஏறுவதற்காகப் போட்ட சாலை என்பதால் சராசரியாக நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் போலத்தான் ஏறும். மெதுவாக என்றாலும் முழுத் தூரமும் ஓடியே ஏற முடிகிற வழி இந்த நான்கில் இது மட்டும்தான். சாதாரண ஓட்ட ஷூவே போதும். மாரத்தான் ஓடுபவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி நம் பக்கத்தில் கிடையாது.

இறங்குவதற்கு பஸ் இருக்கிறது. கொல்லிமலை மேலே இருக்கும் செம்மேட்டிலிருந்து நாமக்கல் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டால் வேலை முடிந்தது. எழுபது வளைவும் பஸ்ஸில் இறங்கும்போது வயிற்றைப் புரட்டும் என்பது தனி விஷயம். ஓடி முடித்த கையோடு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். காரவள்ளியில் டீக்கடைக்காரர் உங்களைப் பார்த்து "ஏனுங்க, பஸ்ஸு வருமுங்க, எதுக்குங்க ஓடறீங்க?" என்று கேட்பார். அதற்கு நல்ல பதில் இன்னும் யாரிடமும் இல்லை.

சாலையில் ஆபத்து வண்டிதான். எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்கமாக ஓடுவது பொது விதி. ஆனால் வலப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவில் உள்பக்கத்தில் நீங்கள் ஓடினால், இறங்கி வரும் வண்டிக்காரருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். வளைவுக்குக் கொஞ்சம் முன்பே, இருபக்கமும் பார்த்து, வெளிப்பக்கம் மாறிக்கொள்ளுங்கள். காதில் பாட்டு வேண்டாம். சனி ஞாயிறு எட்டு மணிக்கு மேல் சுற்றுலா வண்டிகளும் பைக் கூட்டமும் வந்துவிடும். மே மாதக் கோடை விழாச் சமயத்தில் ஏற்காட்டுச் சாலையில் வண்டி நெரிசல்தான் மிஞ்சும்.

நாமக்கல், சேலம் சமவெளி வெயிலைச் சொல்லத் தேவையில்லை. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு டிகிரி செல்சியஸ் போலக் குறையும் என்பது மேலே போன பிறகுதான் உதவும். கீழ்ப்பாதி ஏற்றம் முழுக்க வெக்கையில்தான். விடியலில் தொடங்கி, குறைந்தது ஒன்றரை லிட்டர் தண்ணீர் சுமந்து போங்கள், உப்புச் சர்க்கரைக் கரைசலோடு. வாழைப்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினால் குரங்குக்குத்தான் அது. திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் காற்றில் நனைந்த பனியனோடு உட்காராமலிருக்க மாற்றுச் சட்டை ஒன்றை மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

காட்சிக்கு, கொல்லிமலையில் சீக்குப்பாறைக் காட்சிமுனை இருக்கிறது. ஏற்காட்டில் லேடீஸ் சீட்டிலிருந்து சேலம் நகரமே கீழே விரிந்து கிடக்கும். சாலை முழுவதையும் ஓட மனமில்லாதவர்கள் வண்டியில் ஏற்காடு போய், அங்கிருந்து 1,623 மீட்டர் உயரச் சேர்வராயன் கோயில் வரை ஓடலாம். குளிர், சரிவு, உச்சி மூன்றும் கிடைக்கும், சிரமம் கால்வாசிதான். அதிகாலையில் காட்டு மாடு எதிர்ப்படலாம். நின்று, தூரம் விட்டு, அது போன பிறகு போங்கள்.

கொல்லிமலையில் ஓடி முடித்தவர்கள் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடிக்காமல் வருவதில்லை. முட்டி வலிக்கு நல்லது என்பார்கள். எனக்கு அதிலிருக்கும் மிளகுக் காரம் பிடிக்கும். முட்டியைப் பற்றி நான் சாட்சி சொல்ல மாட்டேன்.

## காட்டுத் தடம்: வெள்ளியங்கிரியும் மற்றவையும்

செங்குத்தான மலை, அடர்ந்த காடு, உச்சியில் திறந்த வெளி என்று மலை ஓட்டத்துக்கு மனத்தில் வரும் படத்தோடு சரியாகப் பொருந்துவது காட்டுத் தடம்தான். தேர்ந்தெடுப்பதற்கு முன் அதிகம் யோசிக்க வேண்டியதும் இதைத்தான்.

சட்டம் முதலில். தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி மலையேற்றம் போனவர்களில் 20 பேருக்கு மேல் இறந்த பிறகு, அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு 14 மாவட்டங்களில் 40 தடங்களை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் இணையவழி முன்பதிவுக்குத் திறந்தது. கோவை வட்டாரத்தில் சாடிவயல் - சிறுவாணி, செம்புக்கரை - பெருமாள்முடி போன்றவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கட்டணம் உண்டு, வழிகாட்டி உடன் வருவார், குழுவாகத்தான் போக வேண்டும். காட்டுத் தீப் பருவத்தில், பொதுவாக பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, மூடிவிடுவார்கள்.

இதன் பொருள் எளிது: அனுமதியோடு போனால் வழிகாட்டியின் வேகம்தான் உங்கள் வேகம். ஓட்டம் அங்கே நடக்காது. நல்ல மலைநடை நடக்கும். ஓடவே வேண்டும் என்பவருக்கு இது ஏமாற்றம், காட்டைப் பார்க்க வேண்டும் என்பவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

வெள்ளியங்கிரியின் கதை வேறு. வனத்துறை பிப்ரவரி முதல் மே வரை பக்தர்களை அனுமதிக்கிறது. பாதையை ஏழு மலைகளாக எண்ணுவார்கள்; பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழாவது மலை வரை ஒரு வழிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர். அதற்குள் 1,000 மீட்டருக்கும் மேல் ஏற்றம். மலைச் சாலையில் 20 கிலோமீட்டரில் ஏறும் உயரத்தை இங்கே மூன்றில் ஒரு பங்கு தூரத்திலேயே ஏறிவிடுகிறீர்கள். வெள்ளைப் பிள்ளையார் கோயில், பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, சீதைவனம் என்று கடந்து மேலே போகப் போக மரம் குறைந்து, காற்று கூடி, குளிர் பிடிக்கும். கீழே வியர்த்து நனைந்த உடம்பு ஆறாவது மலையில் நடுங்கும்.

இங்கே இறங்குவதற்கு பஸ் இல்லை, சாலை இல்லை, டோலிதான் உண்டு, அதுவும் அவசரத்துக்கு. ஏறிய அத்தனையையும் உங்கள் தொடைதான் இறக்கியாக வேண்டும். உயரம் ஒழுங்கில்லாத கல்படிகள், தேய்ந்த பாறை, இரவில் எதிரும் புதிருமாக ஆயிரக்கணக்கில் ஆட்கள். மூங்கில் தடி ஊன்றி இறங்கும் ஒரு பெரியவருக்குப் பின்னால் நீங்கள் ஓடி வந்தால் ஆபத்து உங்களுக்கு மட்டும் இல்லை. 2024 பருவத்தில் மலையேறியவர்கள் பலர் மாரடைப்பு, மூச்சுத்திணறல் போன்றவற்றால் இறந்தார்கள். இதய நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை சொல்வதை மதிக்க வேண்டும். ஓடிப் பழகிய உடம்பு என்ற தெம்பு மட்டும் போதாது. நாற்பதைத் தாண்டியவர்கள் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிட்டுப் போவது நல்லது.

என் தீர்ப்பு: வெள்ளியங்கிரியை ஓட்டத்துக்கான மலையாக எண்ண வேண்டாம். கும்பிடப் போங்கள், வேகமாக நடங்கள், கூட்டம் குறைந்த வார நாளைப் பாருங்கள். பருவம் முடிந்த பிறகு ஆளில்லாத மலையில் ஓடலாம் என்று ஒரு யோசனை ஓட்டக்காரர்களிடையே அடிக்கடி எழும். அது சட்டப்படி குற்றம் என்பதோடு, அப்போது அந்த மலை யானைக்கும் கரடிக்கும் சொந்தம்.

காட்டில் ஓடுவதில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. நடப்பவரின் பேச்சும் காலடியும் விலங்குக்கு முன்கூட்டியே கேட்டு, அது விலகிவிடும். ஓடுபவர் சத்தம் போய்ச் சேருமுன் வளைவைத் திரும்பிவிடுவார். கரடியிடம் இப்படித் திடீரென்று போய் நிற்பதைவிட மோசமான சூழல் குறைவு. சிறுத்தை முன் ஓடினால் இரையைப் போல் ஆகிவிடுவோம். யானையிடம் நம் வேகம் ஒரு பொருட்டே இல்லை.

## கோட்டை மலை: சங்ககிரி

1805-ல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட மலைக்கோட்டை என்று எல்லோருக்கும் தெரியும். ஓடுவதற்கு நல்ல இடம் என்று சிலருக்குத்தான் தெரியும். கல் பாவிய சரிவும் படியுமாக, வாயில் வாயிலாகக் கடந்து ஏற வேண்டும். இருபுறமும் முள்ளும் புதரும், மேலே போனால் நாலு பக்கமும் சமவெளி. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருப்பதால் பகல் நேரத்தில்தான். நிழல் குறைவு. வழியில் தண்ணீர் கிடைக்காது. இறங்க வேறு வழி இல்லை, ஆனால் இறக்கம் சின்னது. ஆடிப்பெருக்கன்று சின்னமலைக்கு மரியாதை செலுத்த ஊரே திரளும், அன்றைக்கு வேண்டாம். இடி மின்னலோடு கோடை மழை கட்டும் ஏப்ரல், மே சாயங்காலங்களில் இந்தத் திறந்த உச்சியில் நிற்கவே கூடாது.

## ஒரே பார்வையில்

| | கோயில் படி | மலைச் சாலை | காட்டுத் தடம் | கோட்டை மலை |
|---|---|---|---|---|
| ஏற்றம் | ஒருமுறைக்கு 100 - 200 மீட்டர் | சுமார் 1,000 மீட்டர், மெல்லிய சரிவு | 1,000 மீட்டருக்கு மேலும் போகலாம், செங்குத்து | நடுத்தரம் |
| முழுக்க ஓட முடியுமா | கூட்டமில்லாத நேரத்தில் ஓரளவு | முடியும் | முடியாது | பாதிக்குப் பாதி |
| இறங்க வேறு வழி | வண்டிச் சாலை; பழனியில் ரோப்கார் | பஸ் | இல்லை | இல்லை |
| அனுமதி | கோயில் நேரம் | தேவையில்லை | கட்டாயம் | பகல் நேரம் மட்டும் |
| முக்கிய ஆபத்து | வழுக்கல், நெரிசல் | வண்டி, வெக்கை | விலங்கு, இறக்கம், தீ | வெயில், மின்னல் |
| ஷூ | பெரும்பாலும் வெறுங்கால் | சாதாரண ஓட்ட ஷூ | பிடிப்புள்ள தட ஷூ | எதுவானாலும் |

ஷூ பற்றி ஒரு குறிப்பு: அடியில் முள்முள்ளாக ரப்பர் உள்ள தட ஷூ மண்ணிலும் சருகிலும்தான் கைகொடுக்கும். தேய்ந்து மழமழப்பான ஈரப் பாறையில் அது சாதாரண ஷூவைவிட நன்றாகப் பிடிக்கும் என்று நம்பிக் காசு போடாதீர்கள்.

## யாருக்கு எது

இப்போதுதான் மலைக்கு வருகிறீர்கள், முட்டி பற்றிக் கவலை இருக்கிறது என்றால் சென்னிமலை. ஏறுவது படியில், இறங்குவது வண்டியில். இரண்டு மூன்று வாரம் போனதும் ஒரு சுற்றை மட்டும் படியிலேயே இறங்கிப் பாருங்கள். மூன்றாம் நாள் தொடை என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு அடுத்ததைக் கூட்டுங்கள்.

பத்து கிலோமீட்டர் சமதரையில் அலுப்பில்லாமல் ஓடுகிறவருக்குக் கொல்லிமலைச் சாலை. முதல் தடவை முப்பதாவது வளைவோடு நிறுத்திவிட்டுப் பின்னால் வரும் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறினாலும் தவறில்லை. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஏற்காடு. மற்றவர்கள் ஏரிக்கரையில் இருக்கும் நேரத்தில் நீங்கள் சேர்வராயன் கோயில் போய் வந்துவிடலாம்.

செங்குத்தான காட்டு மலைப் போட்டிக்குத் தயாராகிறவருக்குத்தான் கேள்வி கடினம், ஏனென்றால் அந்தத் தரையில் சட்டப்படி ஓடிப் பழக இங்கே இடம் குறைவு. அவருக்கு நான் சொல்வது கலவை: ஏற்றத்துக்குச் சென்னிமலைப் படி, கரடுமுரடான இறக்கத்துக்குச் சங்ககிரி, நீண்ட நேர உழைப்புக்குக் கொல்லிமலைச் சாலை. காட்டுத் தரையும் மண்ணும் காலுக்குப் பழக, முன்பதிவு செய்து வழிகாட்டியோடு ஒரு நடை.

பருவத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சேலம், நாமக்கல் பக்க மலைகளுக்கு டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை சரியான காலம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வந்தால் மலைச் சாலையில் கல்லும் மண்ணும் சரியும். கிளம்புமுன் சாலை திறந்திருக்கிறதா என்று மேலே ஊரில் தெரிந்தவரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். எங்கே போனாலும் வீட்டில் ஒருவரிடம் எந்த மலை, எந்தப் பக்கம், எத்தனை மணிக்குள் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். மலை மடிப்புகளில் போன் சிக்னல் கிடைக்காது, 108-ஐ அழைக்கவும் அது வேண்டுமே.